கடல் தாண்டும் பணம்: கேள்வி யாருடையது?

1956இல் சென்னையில் ஒருவருக்குக் காசநோய் என்று தெரிந்தால், சானடோரியத்தில் கட்டில் காலியாகும்வரை அவர் காத்திருக்க வேண்டும். கட்டில் கிடைக்காதவர்கள் வீட்டிலேயே, பிள்ளைகுட்டிகள் படுத்திருக்கும் அதே அறையில் இருமிக்கொண்டு கிடந்தார்கள். நாட்டில் நோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். கட்டில்கள் ஆயிரக்கணக்கில்தான்.

மருந்தே இல்லை என்று சொல்ல முடியாது. ஸ்ட்ரெப்டோமைசின் 1940களிலேயே வந்துவிட்டது. மலிவான ஐசோனியாசிட் மாத்திரை 1952இல் வந்தது. தெரியாமல் இருந்தது வேறொன்று. மாத்திரையைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால் போதுமா, இல்லை மருத்துவமனைப் படுக்கையும் நல்ல சாப்பாடும் முழு ஓய்வும் சேர்ந்தால்தான் நோய் போகுமா? லண்டனுக்கு இந்தக் கேள்வி அவ்வளவாக உறைக்கவில்லை, அங்கே படுக்கைகள் இருந்தன. சென்னைக்கு அது தலைபோகிற கேள்வி.

அதற்கு விடை தேடத்தான் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் என்று நான்கு தரப்புக் கூட்டு. பிரிட்டனிலிருந்து வாலஸ் ஃபாக்ஸ் என்ற மருத்துவர் வந்து பொறுப்பேற்றார். நகரத்து ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்துக்கு, மறுபாதி வீட்டுக்கு. இரண்டு தரப்புக்கும் ஓராண்டுக்கு ஒரே மருந்து: ஐசோனியாசிட்டும் பி.ஏ.எஸ்.ஸும்.

பி.ஏ.எஸ். லேசான மருந்தல்ல. தினமும் கிராம் கணக்கில் விழுங்க வேண்டும், வயிற்றைப் புரட்டும். நோயாளி அதை உண்மையிலேயே சாப்பிடுகிறாரா, ஜன்னல் வழியே போடுகிறாரா என்று தெரியாவிட்டால் ஆய்வே வீண். அதனால் மையத்தின் ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டு வாசலில் போய் நின்றார்கள். மிச்சமிருக்கும் மாத்திரைகளை எண்ணினார்கள், அங்கேயே சிறுநீர் வாங்கிப் பரிசோதித்தார்கள். உலகத்தின் மருத்துவக் கொள்கையை மாற்றிய ஆய்வில் பெரும்பகுதி வேலை இப்படிச் சந்து பொந்துகளில் நடந்து செய்த வேலைதான்.

1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் முடிவு வெளியானது. வீட்டிலிருந்தவர்களுக்குச் சாப்பாடு குறைவு, ஓய்வு குறைவு, வேலை அதிகம். இருந்தும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஏறக்குறைய இணையாகக் குணமடைந்திருந்தார்கள். வீட்டிலுள்ள மற்றவர்களுக்கு அதனால் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. பணக்கார நாடுகளில் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டதற்கு இந்த முடிவு முக்கியமான காரணங்களில் ஒன்று. பின்னாளில் டாட்ஸ் என்று உலகம் முழுக்கப் பரவிய நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சையின் வேர்களும் 1960களின் சென்னை ஆய்வுகளில் இருக்கின்றன.

அந்த மையம் முதலில் ஐந்தாண்டுத் திட்டமாகத்தான் தொடங்கியது. பிறகு அதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் தன் நிரந்தர நிறுவனமாக்கிக்கொண்டது. இன்று அதன் பெயர் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். கண்டம் தாண்டிவரும் கல்வி, ஆராய்ச்சி நிதி பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு இதுதான் அளவுகோல். கேள்வி இங்கிருந்து பிறந்தது. வெளிப்பணம் நின்ற பிறகும் சம்பளம் போட இங்கே ஓர் ஆள் இருந்தார். இந்த இரண்டும் இல்லாத கூட்டு முயற்சிகள்தான் உலகத்தில் அதிகம்.

லாரி விற்ற காசில் படிப்பு

இப்படிப்பட்ட நிதிகளெல்லாம் தர்மசிந்தனையில் தொடங்கியவை என்று நினைக்க வேண்டாம். உலகத்தின் மிகப் பிரபலமான கல்விப் பரிமாற்றத் திட்டமான ஃபுல்பிரைட்டின் தொடக்கமே ஒரு கணக்குப்பிள்ளைத்தனமான யோசனை. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது அமெரிக்க ராணுவத்தின் லாரிகளும் தளவாடங்களும் உலகம் முழுக்கக் கிடந்தன. திருப்பிக் கொண்டுபோனால் செலவு. அந்தந்த நாடுகளுக்கே விற்கலாமென்றால் அவர்களிடம் டாலர் இல்லை. ஆர்கன்சா செனட்டர் ஜே. வில்லியம் ஃபுல்பிரைட் சொன்ன வழி: உள்ளூர்ப் பணமாகவே கொடுங்கள், அதை உங்கள் நாட்டிலேயே மாணவர் பரிமாற்றத்துக்குச் செலவழிக்கிறோம். 1946 ஆகஸ்டில் அதிபர் ட்ரூமன் கையெழுத்திட்டுச் சட்டமானது.

இந்தியா இதில் 1950இல் சேர்ந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் அமெரிக்கா கொடுக்கும், நாம் வாங்கிக்கொள்வோம். 2008இல் ஒப்பந்தம் திருத்தப்பட்டு, இரு நாட்டு அரசுகளும் சரிசமமாகப் பணம் போடுவது என்றானது. அன்றிலிருந்துதான் அது ஃபுல்பிரைட்-நேரு. பெயரில் நேரு சேர்ந்ததை இந்தியாவுக்குக் கிடைத்த மரியாதை என்று எழுதியவர்கள் உண்டு. பாதிப் பணம் நம்முடையது என்பதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

சென்னையிலேயே இன்னோர் உதாரணம் இருக்கிறது. மேற்கு ஜெர்மனி உதவியோடு 1959இல் கிண்டிக் காட்டோரம் எழுந்த ஐ.ஐ.டி. மெட்ராஸ். ஆய்வகக் கருவிகள் வந்தன, பேராசிரியர்கள் வந்தார்கள், அவர்களோடு பட்டறை ஃபோர்மேன்களும் வந்தார்கள். நம் பொறியியல் மாணவனின் கையில் அரத்தைக் கொடுத்து இரும்பை ராவச் சொன்னது ஜெர்மானிய வழக்கம். அதே நேரத்தில் நம் ஆசிரியர்கள் அங்கே பயிற்சிக்குப் போனார்கள். வேறு மூன்று ஐ.ஐ.டி.களுக்கும் ஒவ்வொரு புரவலர்: பம்பாய்க்கு சோவியத் யூனியன், கான்பூருக்கு அமெரிக்கா, டெல்லிக்கு பிரிட்டன். பனிப்போர் காலத்தில் ஒரே நாடு இரண்டு முகாம்களிலிருந்தும் காரியம் சாதித்துக்கொண்டது சாமர்த்தியம்தான், சந்தேகமில்லை.

பிரஸ்ஸல்ஸில் மாலை ஐந்து மணி

இன்றைக்கு இந்த வகைப் பணத்தின் மிகப் பெரிய ஊற்றுகளில் ஒன்று ஐரோப்பிய ஒன்றியம். கல்விக்கு எராஸ்மஸ் பிளஸ், ஆராய்ச்சிக்கு ஹொரைசன் யூரோப். இரண்டுமே 2021 முதல் 2027 வரையான திட்டங்கள். முதலாவதற்கு சுமார் 26 பில்லியன் யூரோ, இரண்டாவதற்கு சுமார் 95 பில்லியன். பெரும்பகுதி ஐரோப்பாவுக்குள்ளேயே சுற்றும். வெளியே வருவதும் குறைவில்லை.

தனி மாணவருக்கு வழி எளிது. எராஸ்மஸ் முண்டுஸ் முதுகலைப் படிப்புகளில் சேர்ந்தால் குறைந்தது இரண்டு நாடுகளில் படிக்கலாம், உதவித்தொகை கிடைத்தால் மாதம் 1,400 யூரோ. 2004இல் தொடங்கிய இத்திட்டத்தில் இந்திய மாணவர்கள் எப்போதும் முன்வரிசையில்தான். ஏஜெண்ட் யாரும் தேவையில்லை. அந்தந்தப் பல்கலைக்கழகக் கூட்டமைப்புக்கு நேரடியாக விண்ணப்பிக்க வேண்டும், பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில் முடிந்துவிடும். இதற்கென்று ஆயிரக்கணக்கில் கட்டணம் கேட்கும் கன்சல்டன்சி போர்டுகளைப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது.

கல்லூரிகளுக்குத்தான் சிக்கல். உயர்கல்வித் திறன்மேம்பாடு என்ற பிரிவில் ஒரு திட்டத்துக்கு 2 லட்சம் முதல் 10 லட்சம் யூரோ வரை கிடைக்கும். பல நாட்டுக் கல்வி நிறுவனங்கள் கூட்டாக விண்ணப்பிக்க வேண்டும். நடைமுறையில் என்ன நடக்கிறது தெரியுமா? ஸ்பெயினிலோ போலந்திலோ ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஆசியாவிலிருந்து பார்ட்னர் தேவைப்படுகிறது. கடைசித் தேதிக்கு மூன்று வாரம் இருக்கையில் நம் ஊர்க் கல்லூரி டீனுக்கு மெயில் வருகிறது. உங்கள் பி.ஐ.சி. எண்ணைத் தாருங்கள், இந்தக் கடிதத்தில் முதல்வர் கையெழுத்து வேண்டும். பி.ஐ.சி. என்பது ஐரோப்பிய நிதித்தளத்தில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தரும் ஒன்பது இலக்க அடையாள எண். அப்படி ஒன்று தங்களுக்கு இருக்கிறதா என்று கண்டுபிடிக்கவே நம் அலுவலகத்தில் இரண்டு நாள் போகும். சமர்ப்பிக்கும் நேரம் பிரஸ்ஸல்ஸில் மாலை ஐந்து மணி. குளிர்காலத்தில் நமக்கு அது இரவு ஒன்பதரை. வாட்ச்மேனைத் தவிர எல்லோரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். யாராவது ஒரு உதவிப் பேராசிரியர் மட்டும் லேப்டாப்போடு உட்கார்ந்து, முதல்வரின் கையெழுத்தை மறுபடி ஸ்கேன் செய்து அனுப்பிக்கொண்டிருப்பார்.

கையெழுத்துப் போட்ட திட்டம் எதைப் பற்றியது என்று அந்தக் கல்லூரிக்கு அப்போது முழுதாகத் தெரியாது. பாடத்திட்டம் எழுதப்பட்டுவிட்டது, வேலைப் பங்கீடு முடிந்துவிட்டது, பட்ஜெட்டில் இவர்களுக்கான தொகையும் போடப்பட்டுவிட்டது. இது பார்ட்னர்ஷிப் என்று சொல்லப்படுகிறது. என் பார்வையில் இது பந்தியில் இலை போட்ட பிறகு பேர் எழுதிக்கொள்வது. திட்டம் கிடைத்தால் சந்தோஷம்தான். ஒரு ஆய்வகம் வரும், நான்கு ஆசிரியர்கள் வெளிநாடு போய்வருவார்கள், ஒரு மாநாடு நடக்கும். மூன்று ஆண்டுகள் கழிந்ததும் அந்த ஆய்வகத்தின் சாஃப்ட்வேர் லைசென்சைப் புதுப்பிக்க ஆளிருக்காது.

ஹொரைசன் யூரோப்பில் இன்னொரு வினோதம். ஏழை, நடுத்தர வருமான நாடுகளின் நிறுவனங்களுக்கு ஐரோப்பாவே செலவைக் கொடுக்கும். அந்தப் பட்டியலில் இலங்கை இருக்கிறது, வங்கதேசம் இருக்கிறது, ஆப்பிரிக்க நாடுகள் பெரும்பாலும் இருக்கின்றன. இந்தியா, சீனா, பிரேசில், மெக்சிகோ இல்லை. வளர்ந்துவிட்ட பொருளாதாரங்கள், சொந்தச் செலவில் வரட்டும் என்பது 2014இலிருந்து ஐரோப்பாவின் நிலை. ஒரே கூட்டுத் திட்டத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு யூரோ நேராக வரும். பாக் நீரிணைக்கு இந்தப் பக்கம் உள்ள பல்கலைக்கழகம் பொதுவாகத் தன் பங்குக்கான பணத்தைத் தானே கொண்டுவர வேண்டும். தனி ஆராய்ச்சியாளர்களுக்கு மட்டும் இந்தத் தடை இல்லை. மேரி கியூரி ஃபெலோஷிப்புக்கும் ஐரோப்பிய ஆராய்ச்சிக் கவுன்சிலின் கிராண்ட்டுக்கும் எந்த நாட்டவரும் போட்டியிடலாம்.

யாழ்ப்பாணம் இப்படிப்பட்ட வாய்ப்புகளை முன்பே பயன்படுத்தியிருக்கிறது. நார்வே நிதியில், அந்நாட்டின் மேற்குக் கரையிலுள்ள பல்கலைக்கழகத்தோடும் பேராதனையோடும் சேர்ந்து, மாற்று எரிசக்திக்கான நானோ பொருட்கள் குறித்த கூட்டு ஆய்வும் மாணவர் பரிமாற்றமும் நடந்திருக்கின்றன. போரில் பல ஆண்டுகளை இழந்த ஒரு பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்கு அது சின்ன விஷயமல்ல.

கரண்ட் பில் யார் கட்டுவது?

ஆய்வு நிதியில் யாரும் விரும்பிப் பேசாத பகுதி ஒன்று உண்டு: ஓவர்ஹெட். ஆய்வகத்துக்கு மின்சாரம், கணக்கர் சம்பளம், கட்டடப் பராமரிப்பு, மின்சாரம் நின்றுபோனால் குளிர்சாதனப் பெட்டி ஓட ஜெனரேட்டர். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனமான என்.ஐ.எச்., தன் நாட்டுப் பெரிய பல்கலைக்கழகங்களுக்கு நேரடிச் செலவுக்கு மேல் 50 சதவீதமும் அதற்கு மேலும்கூட ஓவர்ஹெட் கொடுத்துவந்தது. வெளிநாட்டு நிறுவனங்களுக்கு 8 சதவீதம்தான். அதே ஆய்வு, அதே ரத்த மாதிரி, அதே மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர். மின்வெட்டு அதிகமுள்ள ஊருக்குத்தான் குறைந்த தொகை.

2025 பிப்ரவரியில் டிரம்ப் அரசு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கும் இதை 15 சதவீதமாகக் குறைக்கப் பார்த்தது. ஆராய்ச்சியே அழிந்துவிடும் என்று அவை நீதிமன்றம் போய்த் தடை வாங்கின. அவர்கள் சொன்னது நியாயம்தான். 15 சதவீதத்தில் ஹார்வர்டே பிழைக்க முடியாதென்றால், உகாண்டாவின் கம்பாலாவில் இருக்கும் ஆய்வகம் இத்தனை ஆண்டுகள் 8 சதவீதத்தில் எப்படிப் பிழைத்தது என்று அந்த வழக்கின்போது யாரும் கேட்டதாக நினைவில்லை.

ஆப்பிரிக்காவின் பழைய மனக்குறையும் இதோடு சேர்ந்ததே. வெளிநாட்டார் வருவார்கள், ரத்த மாதிரியை எடுத்துக்கொண்டு போவார்கள், ஆய்வுக்கட்டுரை அங்கே வெளிவரும். உள்ளூர் மருத்துவர் பெயர் நடுவில் எங்கோ கிடக்கும். இதைத் திருத்தும் முயற்சியாக 2010இல் என்.ஐ.எச்.சும் பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளையும் எச்3ஆப்பிரிக்கா என்ற மரபணுத் திட்டத்தைத் தொடங்கின. மாதிரிகளைச் சேமிக்கும் வங்கிகள் உகாண்டாவிலும் நைஜீரியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் அமைந்தன. தரவை முதலில் ஆராயும் உரிமை ஆப்பிரிக்க விஞ்ஞானிகளுக்கு. நல்ல வடிவமைப்பு. ஆனால் நிதிக்குக் காலவரை இருந்தது, 2022இல் முடிந்தது. ஃப்ரீசர்களுக்கு அதற்குப் பிறகும் மின்சாரம் வேண்டும்.

ஐரோப்பாவும் ஆப்பிரிக்காவும் 2003இல் சேர்ந்து அமைத்த இ.டி.சி.டி.பி., எய்ட்ஸ், காசநோய், மலேரியா போன்ற நோய்களுக்கான மருந்துப் பரிசோதனைகளுக்குப் பணம் தரும் அமைப்பு. அது மட்டும் நிலைத்து நின்று மூன்றாவது கட்டத்துக்கு வந்திருக்கிறது. இரண்டாம் கட்டத்திலிருந்து ஆப்பிரிக்க நாடுகளும் உறுப்பினர்களாக முடிவெடுக்கும் மேசையில் உட்கார்ந்தன. நிலைத்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

பாதியில் நின்ற திட்டங்கள்

கொடுப்பவர் மனம் மாறினால் என்ன ஆகும் என்பதைப் பிரிட்டன் 2021இல் காட்டியது. உலகச் சவால்கள் ஆய்வு நிதி என்று 150 கோடி பவுண்டில் பெரும் ஆரவாரத்தோடு தொடங்கிய திட்டம் அது. பயிர் நோய், வெள்ளம், அகதிகள் என்று எத்தனையோ தலைப்புகளில் பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் ஆசிய, ஆப்பிரிக்கப் பல்கலைக்கழகங்களோடு கைகோத்திருந்தன. கொரோனாவில் பொருளாதாரம் சரிந்ததும் அந்த அரசு வெளிநாட்டு உதவியை தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாக வெட்டியது. ஏற்கெனவே ஒப்புக்கொண்ட செலவுக்கும் கையிலிருந்த பணத்துக்கும் இடையே 12 கோடி பவுண்டு பள்ளம் என்று 2021 மார்ச்சில் நிதி அமைப்பே பல்கலைக்கழகங்களுக்குக் கடிதம் எழுதியது. கையெழுத்தான ஒப்பந்தங்கள் பாதியில் சுருக்கப்பட்டன, சில நிறுத்தப்பட்டன.

2025இல் அமெரிக்கா செய்தது அதைவிடப் பெரிது. ஜனவரியில் வெளிநாட்டு உதவி முடக்கப்பட்டது, ஜூலைக்குள் யு.எஸ்.எய்ட் என்ற அமைப்பே இல்லாமல் போனது. அதன் பணத்தில் அமெரிக்க வேளாண் பல்கலைக்கழகங்கள் ஆப்பிரிக்க, ஆசிய நாடுகளோடு நடத்திய பயிர் ஆய்வகங்கள் சில வாரங்களில் கடையைக் கட்டின. மே மாதம் என்.ஐ.எச்., அமெரிக்கப் பல்கலைக்கழகம் வழியாக வெளிநாட்டுக் கூட்டாளிக்குப் போகும் துணை நிதியைப் புதிய விதிமுறை வரும்வரை தருவதில்லை என்று அறிவித்தது. அடுத்த மாதம் ஃபுல்பிரைட் வாரிய உறுப்பினர்கள், தேர்வில் அரசியல் தலையீடு என்று சொல்லி ஏறக்குறைய ஒட்டுமொத்தமாக ராஜினாமா செய்தார்கள். எண்பதாண்டு மரம் என்று நம்பியிருந்ததன் கிளையும் ஒடியும் என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது.

நம் பக்கத்துக் கதவும் அகலமானதல்ல. வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் 2020இல் திருத்தப்பட்ட பிறகு, வெளியிலிருந்து வரும் பணம் முதலில் டெல்லியில் ஸ்டேட் பாங்கின் பிரதானக் கிளையில் உள்ள கணக்குக்குத்தான் வர வேண்டும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. முக்கியமாக, வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்குப் பிரித்துத் தரக்கூடாது. ஒரு தலைமை நிறுவனம் பணம் பெற்று நான்கு சிறு கல்லூரிகளுக்குப் பகிர்வதுதான் கூட்டு ஆய்வின் இயல்பான வழி. அந்த வழி அடைபட்டுவிட்டது. மத்திய, மாநிலச் சட்டங்களால் அமைந்து தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் தணிக்கைக்கு உட்படும் அமைப்புகளுக்கு விலக்கு உண்டு. தமிழ்நாட்டின் கலை அறிவியல் கல்லூரிகளில் பெரும்பாலானவை அறக்கட்டளைகள் நடத்துபவை. அவற்றுக்கு இல்லை. கள்ளப் பணத்தைத் தடுக்கும் அவசியம் புரிகிறது. ஆனால் ஒரு கிராமப்புறக் கல்லூரியின் தாவரவியல் துறைக்கு வரும் சில லட்சத்தையும் அதே சல்லடையில் சலிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

திரும்பிப் போகும் விஞ்ஞானி

இத்தனைக்கும் நடுவே அறுபதாண்டுக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு யோசனை உண்டு. இயற்பியலாளர் அப்துஸ் சலாம் 1950களில் லாகூரில் பேராசிரியராக இருந்தபோது பேச்சுத் துணைக்குக்கூடத் தன் துறையில் ஆளில்லாமல் தவித்தார். வேறு வழியின்றி இங்கிலாந்துக்கே திரும்பினார். நாட்டைவிட்டுப் போனால்தான் ஆராய்ச்சி என்ற நிலை இன்னொருவருக்கு வரக்கூடாதென்று 1964இல் இத்தாலியின் ட்ரீயெஸ்டே நகரில் சர்வதேசக் கோட்பாட்டு இயற்பியல் மையத்தைத் தொடங்கினார். இத்தாலிய அரசும் ஐ.நா. அமைப்புகளும் பணம் கொடுத்தன. அதன் அசோசியேட் திட்டத்தின்படி, ஏழை நாட்டு விஞ்ஞானி சொந்த ஊர் வேலையை விடாமல் சில ஆண்டுகளுக்குள் பலமுறை அங்கே போய்ச் சில வாரங்களோ மாதங்களோ தங்கி வரலாம். நூலகம், சகாக்கள், கரும்பலகை. பிறகு ஊருக்குத் திரும்ப வேண்டும். ஸ்காலர்ஷிப் என்றாலே ஒருவழி விமான டிக்கெட் என்று நினைக்கும் நமக்கு இது கொஞ்சம் வித்தியாசமாகத்தான் தெரியும். சலாமுக்கு 1979இல் நோபல் கிடைத்தது. இந்த மையம் அதைவிடப் பெரிய சாதனை என்று சொல்பவர்களோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன்.

இப்போது இந்தியா கொடுக்கும் பக்கமும் நிற்கத் தொடங்கியிருக்கிறது. ஜெர்மன் கைபிடித்து எழுந்த ஐ.ஐ.டி. மெட்ராஸ், 2023 நவம்பரில் ஆப்பிரிக்கக் கரையோரம் சான்சிபாரில் தன் கிளையைத் திறந்தது. ஐ.ஐ.டி.க்கு வெளிநாட்டில் இதுதான் முதல் வளாகம். பிரீத்தி அகலாயம் அதன் முதல் பொறுப்பு இயக்குநர், ஐ.ஐ.டி. ஒன்றின் தலைமைக்கு வந்த முதல் பெண்ணும் அவர்தான். டேட்டா சயின்சும் செயற்கை நுண்ணறிவும் முதல் படிப்புகள். சான்சிபாருக்கு எது தேவை என்று சான்சிபாரே தீர்மானித்து, அங்கிருந்தே ஆசிரியர்கள் உருவாகும் நாள் எப்போது வரும் என்பதை இந்திய அதிகாரிகளிடம் இப்போதே கேட்டுவைப்பது நல்லது. ஜெர்மானியர்கள் கிண்டியில் நிரந்தரமாகத் தங்கவில்லை.

ஐரோப்பிய வாசலிலும் அசைவு தெரிகிறது. இந்தியாவை ஹொரைசன் திட்டத்தில் இணை நாடாகச் சேர்ப்பது குறித்துப் பேசிப் பார்க்கலாம் என்று 2025 செப்டம்பரில் ஐரோப்பிய ஆணையம் தன் இந்தியக் கொள்கை அறிக்கையில் எழுதியது. நியூசிலாந்து, கனடா, தென் கொரியா எல்லாம் அப்படிச் சேர்ந்தவை. சேர்வது இலவசமல்ல, ஆண்டுதோறும் பொது நிதிக்குப் பங்கு கட்ட வேண்டும். கட்டினால் நம் ஆய்வகங்கள் ஐரோப்பிய ஆய்வகங்களோடு சரிசமமாகப் போட்டியிடலாம், திட்டத்துக்குத் தலைமையும் ஏற்கலாம். 2028இல் தொடங்கும் அடுத்த கட்டத்துக்கு ஆணையம் 175 பில்லியன் யூரோ கேட்டிருக்கிறது. பங்கு கட்டுவதா, எவ்வளவு, எந்தத் துறைகளுக்கு என்ற முடிவு டெல்லியில் நிதி அமைச்சகத்துக்கும் அறிவியல் தொழில்நுட்பத் துறைக்கும் இடையில் எடுக்கப்பட வேண்டியது. நம் பல்கலைக்கழகங்களின் துணைவேந்தர்கள் இதுபற்றி வாய் திறந்து நான் இன்னும் கேட்கவில்லை.